முதல் வீட்டுக்குக் கைமுதல்: ஐந்து வருட ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை மாலை. கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள். கையில் ஒரு குளிர்பானத்தைக் கொடுத்துவிட்டு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார்: "இருபது பர்சென்ட் போட்டா போதும் சார், மீதியை பேங்க் பாத்துக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார். மீதிப் பாதி தெரியாமல் முன்பணம் கட்டியவர்கள்தான் பத்திரப் பதிவு நெருங்கும்போது நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன நீங்கள் முழுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். உங்கள் பக்கம் இருக்கும் பெரிய சொத்து வயதுதான்.

இருபது எப்படி முப்பத்தாறு ஆகிறது?

வங்கி எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. அவை முழுக்க உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும்.

புறநகரில் ஒரு பில்டர் கட்டிக்கொண்டிருக்கும் 40 லட்சம் ரூபாய் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம்.

• வீட்டு விலையில் உங்கள் பங்கு 20 சதவீதம்: 8 லட்சம்.
• பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கும் 50 லட்சத்துக்கு உட்பட்ட புது வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 2.40 லட்சம்.
• கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி: 2 லட்சம்.
• வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், கடனுக்கான எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு: தோராயமாக அரை லட்சம்.
• கிரில், மின்விசிறி, சமையலறை அலமாரி, குடியேறும் செலவு: சிக்கனமாகப் பார்த்தாலும் ஒன்றரை லட்சம்.

கூட்டினால் 14.40 லட்சம். வீட்டு விலையில் 36 சதவீதம். இதுதான் உங்கள் உண்மையான கைமுதல்.

இந்தக் கணக்கைக் குறைக்கவும் வழிகள் உண்டு. பணிநிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள், அதாவது 645 சதுர அடி கார்ப்பெட் ஏரியாவுக்குள், 45 லட்சத்துக்கு மிகாத வீடு என்றால் ஜிஎஸ்டி 1 சதவீதம்தான். வீட்டு விலை 33 லட்சத்தில் நின்றால் 90 சதவீதக் கடன் வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். அப்போது உங்கள் பங்கு 3.30 லட்சம்தான். 33 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் விலையில் வித்தியாசம் 7 லட்சம். கைமுதலில் மட்டுமே அதில் ஏறத்தாழ 5 லட்சம் போய்விடுகிறது. 'கொஞ்சம் பெரிசா பாத்துடலாமே' என்று வீட்டில் யாராவது சொல்லும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

பழைய வீடு வாங்குவதானால் முத்திரைத் தீர்வை 7, பதிவு 2 என்று 9 சதவீதம் ஆகும். விலை மலிவு என்று போகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு என்று சொல்லாதீர்கள், ஒத்திகை என்று சொல்லுங்கள்

'மிச்சப்படுவதைச் சேர்ப்போம்' என்று தொடங்கியவர்களுக்கு எதுவும் மிச்சப்படுவதில்லை. வேறு மாதிரி யோசியுங்கள். வீடு வாங்கியபின் மாதாமாதம் ஒரு தவணை கட்டப்போகிறீர்கள். அந்தத் தவணையை இன்றிலிருந்தே உங்களுக்கு நீங்களே கட்டத் தொடங்குங்கள். முதல் வருடம் முழுத் தொகையும் முடியாது. வருடத்துக்கு வருடம் அதை நெருங்க வேண்டும்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 24. சிறுசேரியில் வேலை, கேளம்பாக்கத்தில் நண்பர்களோடு அறை, அவர் பங்கு வாடகை 10,000. கைக்கு வரும் சம்பளம் 45,000. முதல் வருடம் மாதம் 15,000 எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பளம் ஏறும்போது, ஏறிய தொகையில் முதல் 3,000 ரூபாய் இந்தக் கணக்குக்குப் போகிறது. இரண்டாம் வருடம் 18,000, பிறகு 21,000, 24,000, ஐந்தாம் வருடம் 27,000.

அவர் போட்டது மொத்தம் 12.60 லட்சம். ஆறரை சதவீத வட்டியில் தொடர் வைப்பாக ஓடினால் 14 லட்சத்தைத் தாண்டும். நம் 40 லட்சம் வீட்டின் கைமுதல் ஏறத்தாழ வந்துவிட்டது.

அதுவரை விலை அப்படியே நிற்குமா என்று நீங்கள் கேட்பது சரிதான். நிற்காது. வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் அந்த 40 லட்சம் வீடு ஐந்து வருடத்தில் 51 லட்சம். கைமுதலில் நாலு லட்சத்துக்கு மேல் பள்ளம் விழும். போனஸ், பிஎஃப், துணையின் சேமிப்பு, அல்லது ஒரு படி சின்ன வீடு, இவற்றில் ஒன்றோ இரண்டோதான் அதை நிரப்ப வேண்டும்.

ஆனால் இந்த ஐந்து வருடத்தில் பணத்தைவிடப் பெரிய ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 51 லட்சம் வீட்டுக்கு 80 சதவீதக் கடன் 41 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்குத் தவணை ஏறத்தாழ 35,400. நம் ஆள் ஐந்தாம் வருடம் மாதாமாதம் எவ்வளவு ஒதுக்கினார்? சேமிப்பு 27,000, வாடகை 10,000, ஆக 37,000. அதாவது வீடு வாங்குவதற்கு முன்பே அந்தத் தவணையைக் கட்டி வாழ்ந்து பார்த்துவிட்டார். சாவி கைக்கு வந்த மாதம் அவர் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இருக்காது.

இதையே வங்கி எப்படிப் பார்க்கும்? எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு. 35,400 தவணைக்கு 71,000 சம்பளம் வேண்டும். 45,000 சம்பளம் வருடத்துக்கு 10 சதவீதம் ஏறினால் ஆறாம் வருடம் 72,000 ஆகும். மட்டுமட்டாகத் தேறும். ஏறாவிட்டால் வீட்டைச் சுருக்குங்கள், அல்லது இரண்டு வருடம் தள்ளுங்கள். சம்பளம் உயரும் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அலுவலகத்தில் ஜெயிக்க வேண்டிய விஷயங்கள்

கைமுதல் சேர்வது டீச் செலவைக் குறைப்பதால் அல்ல, சம்பளத்தைக் கையாளும் விதத்தால். அதில் கவனிக்க வேண்டியவை சில.

*சிடிசியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.* ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, பணிக்கொடை, காப்பீடு, வேரியபிள் எல்லாம் அடக்கம். மாதாமாதம் கணக்கில் விழும் தொகைதான் உங்கள் சம்பளம். வேரியபிள் வந்தால் அது பள்ளம் நிரப்ப; வராவிட்டாலும் திட்டம் ஓட வேண்டும். ஜாயினிங் போனஸையும் உடனே வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

*உயர்வு வரும் முன்பே பங்கு பிரியுங்கள்.* அப்ரைசல் கடிதம் வந்த அன்றே வங்கிச் செயலியில் தானியங்கித் தொகையை 3,000 கூட்டிவிடுங்கள். புதுச் சம்பளத்துக்கு ஒரு மாதம் பழகிவிட்டால் அந்த 3,000 எங்கே போனது என்றே தெரியாது.

*வேலை மாறும்போது பிஎஃப்பை உடைக்காதீர்கள்.* இளம் ஊழியர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். பழைய நிறுவனத்தின் பிஎஃப்பை எடுத்து கோவாவுக்கோ புது ஃபோனுக்கோ செலவழித்துவிடுகிறார்கள். தொடர்ச்சியான ஐந்து வருடப் பணிக்கு முன் எடுத்தால் அதற்கு வருமான வரியும் உண்டு. யுஏஎன் எண் மாறாது. பழைய கணக்கைப் புதியதோடு இணைத்துவிட்டால் பணியும் தொடர்ச்சியாகவே கணக்கில் வரும். வீடு வாங்க பிஎஃப்பிலிருந்து பணம் எடுக்க விதி இருக்கிறது. அந்த நாளுக்காக அதை விட்டுவையுங்கள்.

*கடன் கேட்கப் போகும் வருடத்தில் வேலை மாறாதீர்கள்.* வங்கி கடைசி சில மாதச் சம்பளச் சீட்டும் இரண்டு வருட ஃபார்ம் 16ம் கேட்கும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரைப் பார்த்தால் அதிகாரி தயங்குவார். மாறுவதானால் ஒரு வருடம் முன்பே மாறி, பணி உறுதியான பிறகு விண்ணப்பியுங்கள்.

*சம்பளம் கையில் வருகிறதா?* தி.நகர் துணிக்கடையிலோ அம்பத்தூர் பட்டறையிலோ வேலை பார்த்து ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள் ஏராளம். வங்கியின் கண்ணுக்கு ரொக்கம் தெரியாது. முதலாளியிடம் கேட்டுச் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் வருடக்கணக்கில் தெரியும் வரவும் சேமிப்பும்தான் உங்களுக்காகப் பேசும்.

*ஜாமீன் கையெழுத்துக்குப் 'பாக்கலாம்' என்று சொல்லாதீர்கள்.* பக்கத்து இருக்கை நண்பரின் கடனுக்கு நீங்கள் போடும் ஜாமீன் உங்கள் கடன் அறிக்கையிலும் ஏறும். அவர் தவணை தவறினால் அடி உங்கள் சிபில் மதிப்பெண்ணுக்கும்தான். 'வீட்டு லோனுக்கு அப்ளை பண்ணப் போறேன், பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க' என்பது உண்மையான காரணம். தயங்காமல் சொல்லலாம்.

பைக் தின்னும் அறைகள்

சின்னத் தவணைகள்தான் பெரிய கடனுக்கு எதிரி. மாதம் 5,000 ரூபாய் பைக் தவணை ஓடிக்கொண்டிருந்தால், வங்கி அதைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் தகுதியைப் பார்க்கும். எட்டரை சதவீதம், 20 வருடம் என்ற அதே கணக்கில் அந்த 5,000 ரூபாய் உங்கள் வீட்டுக்கடன் தகுதியில் ஏறத்தாழ 5.75 லட்சத்தைத் தின்றுவிடும். ஒரு படுக்கையறையின் விலை அது.

பைக் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிறவருக்கு அது கால் மாதிரி. ஆனால் வீட்டுக்கடன் கேட்பதற்கு முன் அந்தத் தவணை முடிந்திருக்க வேண்டும். ஃபோன், லேப்டாப் தவணைகளும், 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' செயலிகளும் அப்படியே. கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டும் பழக்கம் இருந்தால், சேமிப்பைத் தொடங்கும் முன் அந்த நிலுவையை அடைத்துவிடுங்கள். கார்டு நிலுவைக்கான வட்டியை எந்த வைப்புத் தொகையும் ஈடுகட்டாது. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750க்கு மேல் வைத்திருங்கள்.

பணம் எங்கே இருக்க வேண்டும்?

மூன்று வருடத்துக்குள் எடுக்க வேண்டிய பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் சரிந்தது. அந்த வருடக் கடைசிக்குள் சந்தை மீண்டுவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏப்ரலில் பத்திரப் பதிவு வைத்திருந்தவருக்கு அதனால் என்ன பயன்? ஐந்து வருடத் திட்டத்தில் முதல் இரண்டு வருடப் பணத்தில் ஒரு பகுதியை வேண்டுமானால் பரஸ்பர நிதியில் போடலாம். நாள் நெருங்க நெருங்கப் பிரித்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மற்றதெல்லாம் வங்கி அல்லது தபால் அலுவலகத் தொடர் வைப்பு, நிரந்தர வைப்பு. சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பு இங்கே நல்லது.

ஒரே வங்கியில் 5 லட்சத்தைத் தாண்டும்போது இன்னொரு வங்கிக்கும் பிரித்து வையுங்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான்.

சீட்டு? நம் ஊரில் இதைப் பேசாமல் சேமிப்பைப் பேச முடியாது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்து நடக்கும் சீட்டைக் கடைசி வரை தள்ளாமல் வைத்திருந்தால் அது நல்ல கட்டாயச் சேமிப்பு. ஏலத்தில் பாதியில் எடுத்தால் அது கடன்தான், தள்ளுபடியாகப் போவது வட்டி. அலுவலகத்தில் யாரோ ஒருவர் நோட்டில் எழுதி நடத்தும் சீட்டில் வீட்டுப் பணத்தை வைக்காதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம். அவருக்கு வேலை போனால் உங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு?

நகைச்சீட்டு வீட்டுக்கானது அல்ல. கடைசியில் கைக்கு வருவது பணமல்ல, நகை. அதை விற்றுக் கைமுதல் ஆக்கும்போது சேதாரமும் செய்கூலியும் போன இடம் தெரியாது.

கல்யாணமும் வீடும் ஒரே பர்ஸில்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்ற பழமொழி இரண்டையும் தனித்தனிச் சோதனையாகச் சொல்கிறது. 24 வயதில் தொடங்குகிறவருக்கு இரண்டும் ஒரே ஐந்து வருடத்தில் வந்து நிற்கும். தங்கை கல்யாணம், அப்பாவின் பழைய கடன், உங்கள் கல்யாணம் என்று எல்லாம் கேட்கப் போவது அந்த ஒரே கணக்கிடம்தான்.

கொடுக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாதம் இவ்வளவு வீட்டுச் செலவுக்கு, இவ்வளவு கல்யாணத்துக்கு, இவ்வளவு கைமுதலுக்கு என்று மூன்று தனிக் கணக்கு. "அம்மா, இந்தக் கைமுதல் கணக்கைத் தொட வேண்டாம், மீதி ரெண்டுல எது வேணும்னாலும் கேளுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஒவ்வொரு முறையும் மறுக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கு இன்னொரு வாதமும் வரும். 'இன்னொரு வீட்டுக்குப் போறவளுக்கு எதுக்கு வீடு?' போகிற வீட்டில் எது நடந்தாலும் உங்கள் பெயரில் ஒரு பத்திரம் இருப்பது நல்லது. அரசும் அதை ஊக்குவிக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறு நகரில் மனை வாங்கும் பெண்ணுக்கு அது 10,000 ரூபாய் வரை மிச்சம்.

வருட வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யார் பெயரிலும் நிலையான வீடு இல்லாதவர்கள் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0இன் வட்டி மானியத்தையும் பாருங்கள். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தகுதி இருந்தால் 1.80 லட்சம் வரை கிடைக்கும்.

வரி மிச்சம் என்ற ஆசையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். புதிய வரி முறையில் நீங்களே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை.

பணம் சேர்ந்த பிறகு வரும் வலைகள்

கையில் 10 லட்சம் சேர்ந்த சேதி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். 'ப்ரீ லாஞ்ச் விலை, இன்னிக்கே புக் பண்ணுங்க' என்று அழைப்பு வரும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற வேண்டிய திட்டத்தை, பதிவு பெறும் முன் விளம்பரப்படுத்தவோ புக்கிங் எடுக்கவோ கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் பில்டர் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. ரெரா எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

மனை விஷயத்தில் சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தவணையில் மனை தருகிறோம் என்று அனுமதியில்லாத இடத்தைக் காட்டுபவரிடம் போய்விட்டால், ஐந்து வருடச் சேமிப்பு முள்வேலிக்குள் மாட்டிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அடுக்குமாடி என்றால் யுடிஎஸ் (நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) அளவு, இவற்றை உங்கள் சொந்த வக்கீல் பார்க்க வேண்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்காக.

ஒத்திகையில் தடுமாறினால்

மூன்றாம் வருடம் 21,000 எடுத்து வைக்க முடியாமல் திணறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம். தொடர் வைப்பை நிறுத்துகிறீர்கள். கொஞ்சம் வட்டி குறையும். அவ்வளவுதான். பணம் உங்களுடையதாகவே இருக்கிறது.

இதே திணறல் வீடு வாங்கிய பிறகு வந்தால்? தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் உங்கள் கடன் வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்த முடியும்.

அதனால்தான் கைமுதலோடு இன்னொரு சிறு தொகையும் வேண்டும்: ஆறு மாதத் தவணைக்குச் சமமான பணம், எதற்கும் தொடாமல். அது சேரும்வரை பத்திரப் பதிவைத் தள்ளிப் போடுங்கள்.

இந்த மாதச் சம்பளத் தேதி என்ன? 1ஆம் தேதி என்றால் 2ஆம் தேதிக்குத் தானியங்கி உத்தரவு போடுங்கள். 15,000 முடியாவிட்டால் 8,000. வருடக் கடைசியில் பன்னிரண்டு முறையும் தவறாமல் போயிருந்தால் தொகையைக் கூட்டுங்கள். நாலு முறை தவறியிருந்தால் தொகையைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். எவ்வளவு பெரிய வீட்டை உங்களால் தாங்க முடியும் என்பதை வங்கிக் கணக்கின் அந்தப் பன்னிரண்டு வரிகள் சொல்லிவிடும். மாதிரி வீட்டில் குளிர்பானம் கொடுத்தவருக்கு அது தெரியாது.